அப்படி ஒரு வார்த்தையே இல்லை

ஹலோ… பாதிரியார் ஐயாதானே? நான் டாம்சின் பேசுறேன்… ஆமா, சீட்டுப் போட்டுக் குறி சொல்ற டாம்சின்தான், ஊருக்குள்ள வேற யாரு இருக்கா?… குட் மார்னிங்கெல்லாம் இருக்கட்டும். நேத்து சர்ச் ஹால் வினாடி வினாவுல எங்க டீம் ஒரே ஒரு பாயின்ட்ல தோத்துச்சு பாருங்க, அதப் பத்திப் பேசணும்…

முடிஞ்சு போச்சுன்னா எப்படி? ‘கேள்வி கேக்குறவருக்கு ஒரே வார்த்தை சொல்லுங்க’ன்னீங்க. ‘குவெரன்ட்’னு எழுதிக் குடுத்தேன். அதை மைக்ல படிச்சுட்டு, ‘இங்கிலீஷ்ல அப்படி ஒரு வார்த்தையே இல்ல, டாம்சின் வீட்டு அடுப்படியில வெந்தது போல’ன்னீங்க. ஊரே சிரிச்சுது. எனக்கு அழுகையே வந்துருச்சு, தெரியுமா?…

ஆமா… ஆமா… உங்க தாள்ல ‘இன்க்வைரர்’னு இருந்துச்சு, சரி. ரெண்டுக்கும் தாய் ஒண்ணுதானே! லத்தீன்ல ‘குவைரெரே’. தேடுறது, கேக்குறது… எனக்கு எப்படித் தெரியுமாவா? முப்பது வருஷமா இதே பொழப்பு. சீட்டு முன்னாடி வந்து உக்காந்து கேக்குறவங்களுக்குப் பேரே அதுதான். லத்தீன் படிச்ச நீங்க போய் இல்லேங்கிறீங்களே…

கேள்விப்பட்டதே இல்லையா? சத்தியமா?… ஐயா, மார்ச் மாசம், நல்ல மழை, எங்க வீட்டுப் பின்வாசல் வழியா ஒருத்தர் வந்தாரு. வெள்ளைக் கழுத்துப்பட்டையைக் கழட்டிப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு. அவருக்கு இந்த வார்த்தைய விளக்கினதே நான்தான்… என்னது, மெதுவாப் பேசணுமா?

சேச்சே, யார்கிட்டயும் மூச்சு விடல. எங்க அக்காகிட்டகூட… மிரட்டலா? நான் பாயின்ட்தானே கேக்குறேன்… ஓ, ஞாயித்துக்கெழமை ஆராதனையிலயே அறிவிச்சிடுறீங்களா? ‘அகராதியில பாத்தேன்’னு சொல்லிக்குவீங்க? பேஷா சொல்லுங்க. சரி, வைக்கட்டுமா?…

என்னது?… கொஞ்சம் சத்தமா… உங்க வீட்டம்மா மெரின் திரும்பி வருவாங்களான்னா?… மார்ச்ல கேட்ட அதே கேள்வி. அய்யோ ஐயா, இன்னும் அந்த வீட்டுல தனியாத்தான் சமைச்சுச் சாப்பிடுறீங்களா?… சண்டைய மொதல்ல மூட்டினவரு நீங்கதான்… சரி சரி, விடுங்க…

சீட்டெல்லாம் வேண்டாம். நான் இதைச் சொல்லக் கூடாது… போன வாரம் அவங்களும் எனக்கு போன் பண்ணாங்க… ஆமா, உங்க வீட்டம்மாதான். பென்சான்ஸ்லேருந்து, தங்கச்சி வீட்டுலேருந்து… என்ன கேட்டாங்களா? செத்தாலும் சொல்ல மாட்டேன். உங்க ரகசியத்துக்குப் பூட்டின வாய்தான் அவங்க ரகசியத்துக்கும்… அழாதீங்க ஐயா. நம்பர் இருக்குல்ல?…

அப்ப என்னை எதுக்குக் கேக்குறீங்க? அவங்களையே கேளுங்க… இல்ல, நாளைக்கு இல்ல. இப்ப. நான் வைக்கிறேன்.