ஆள் வருது

கப்பலில் தேநீர் நன்றாக இருக்காது. தண்ணீரைக் கொதிக்க விடுவதில்லை, சூடு ஏறியதும் பையைப் போட்டுவிடுகிறார்கள். நீங்கள் கொடுத்தது நன்றாக இருக்கிறது. நன்றி. வழக்கறிஞர் வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன். நடந்ததைச் சொல்ல எனக்கு இன்னொருவர் தேவையில்லை.

நாற்காலியிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீங்கள் கப்பலில் விடுமுறைக்குப் போனதில்லை என்றீர்கள். போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்காது.

நீச்சல் குளத்தைச் சுற்றிச் சாய்வு நாற்காலிகள் நிறைய உண்டு. நல்லவை கொஞ்சம்தான். காலையில் வெயில் வேண்டும், மதியம் நிழல் வேண்டும். குளம் தெரிய வேண்டும், தண்ணீர் தெறிக்கக் கூடாது. கடல் பக்கத்து மூலையில் அப்படி இரண்டு இருந்தன. கப்பல் ஏறிய அன்று மற்றவர்கள் எல்லாரும் தங்கள் அறையைப் பார்க்கப் போனபோது, என் கணவர் டெரன்ஸ் மேல்தளத்தில் நின்று சூரியன் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

விடியும்போதே போய்த் துண்டு விரித்துவிட வேண்டும். துண்டு மட்டும் போதாது, அதை யார் வேண்டுமானாலும் நகர்த்திவிடுவார்கள் என்பார். இரண்டு பக்கமும் கிளிப் மாட்ட வேண்டும். எங்களுடையவை பச்சைக் கிளி வடிவத்தில் இருக்கும். மேலே ஒரு தடித்த புத்தகம், பாதியில் திறந்து கவிழ்த்தபடி. கீழே செருப்பு, இப்போதுதான் கழற்றியதுபோல் ஒன்று சற்று விலகி. கடைசியாக மூக்குக்கண்ணாடி. அது டெரன்ஸின் சொந்தக் கண்டுபிடிப்பு. அடுத்தவர் துண்டைத் தொடுகிறவர்கள்கூட அடுத்தவர் கண்ணாடியைத் தொடமாட்டார்கள். இதற்காகவே பழைய கண்ணாடி ஒன்றை ப்ரெஸ்டனில் எங்கள் வீட்டிலிருந்து எடுத்துவருவார். யாராவது கேட்டால் நான் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். ஆள் வருது.

ஆளில்லாத நாற்காலியில் அரை மணிக்கு மேல் கிடக்கும் பொருட்கள் அகற்றப்படும் என்று குளத்தோரம் பலகை உண்டு. டெரன்ஸின் பொருட்களை யாரும் அகற்றியதில்லை. ஒருமுறைதான் நடந்தது, பயணத்தின் தொடக்கத்தில். வேல்ஸ்காரர் ஒருவர் துண்டை ஒழுங்காக மடித்து ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நான் கழிப்பறைக்குப் போயிருந்த நேரம்.

"எந்திரிங்க" என்றார் டெரன்ஸ்.

"ரொம்ப நேரமா ஆளே இல்லையே சார்."

"கண்ணாடி இருக்குல்ல? அது என்ன தனியா நடந்து வந்து ஏறிப் படுத்துக்கிச்சா?"

அவர் எழுந்துவிட்டார். டெரன்ஸ் அவருடைய துண்டை எடுத்துக் குளத்தில் எறிந்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஒரு நாற்காலியப் பாத்துக்கத் தெரியல உனக்கு" என்றார். எல்லோரும் கேட்டார்கள். அதற்குப் பின் நான் கழிப்பறைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

எங்களுக்குள் ஏற்பாடு அப்படி. இடத்தை அவர் பிடிப்பார், நான் காப்பேன். துறைமுகம் வந்தால் அவர் இறங்கி ஊர் பார்த்துவிட்டு வருவார். நான் நேப்பிள்ஸுக்கு நான்கு முறை போயிருக்கிறேன். அங்கே ஓர் எரிமலை இருக்கிறது. நாற்காலியிலிருந்து தெரியும்.

இந்த முறை பலெர்மோவில் இறங்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அந்த ஊர்ச் சந்தையில் அரிசி உருண்டை பொரிப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தேன். உள்ளே கறி வைத்து, ஆரஞ்சுப் பழம் அளவுக்கு. பெரிய ஆசை என்று சொல்ல முடியாது. ஆனால் அது மட்டும்தான் இருந்தது. இரவு உணவின்போது கேட்டேன்.

"நாளன்னிக்கு பலெர்மோல நானும் இறங்கட்டுமா?"

"ரெண்டு பேரும் போயிட்டா இடத்த யாரு பாத்துக்கறது?"

"ஒரு நாள்தானே டெரன்ஸ்."

"உருண்டைதான வேணும்? நான் வாங்கிட்டு வரேன். உக்காந்த எடத்துலயே சாப்பிடு, ராணி மாதிரி."

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் மோசமானவர் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் முழுக்கக் கடல்தான், துறைமுகம் கிடையாது. அப்படிப்பட்ட நாளில் நாற்காலிக்குப் போட்டி அதிகம். வழக்கத்தைவிடச் சற்று முன்னதாகவே போனோம், கிழக்கு வெளுத்திருந்தது. காற்று பலமாக இருந்தது. கிளிப் மாட்டுவதற்குள் ஒரு துண்டு பறந்து கண்ணாடித் தடுப்பைத் தாண்டி, வெளிப்பக்கம் இருந்த விளக்குத் தண்டில் மாட்டிக்கொண்டது. கப்பலில் துண்டுக்குக் குறைவில்லை, கேட்டால் வேறு தருவார்கள். டெரன்ஸ் கேட்கமாட்டார். நாற்காலியைத் தடுப்பை ஒட்டி இழுத்துப்போட்டு அதன்மேல் ஏறினார். அந்த நாற்காலிகளுக்கு ஒரு முனையில் இரண்டு சக்கரங்கள் உண்டு, நகர்த்த வசதியாக. என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டேன்.

அப்போது ஒருவர் எங்கள் இன்னொரு நாற்காலியை நோக்கி வந்தார். நீலக் கால்சட்டை போட்டிருந்தார். அந்த நாற்காலியில் நாங்கள் இன்னும் எதுவும் வைக்கவில்லை, கண்ணாடிகூட. இடத்தைக் காப்பது என் வேலை. அதனால் இதை விட்டுவிட்டு அதில் போய் உட்கார்ந்தேன். நான் திரும்பிப் பார்த்தபோது டெரன்ஸ் இல்லை.

எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன். அவர் தண்ணீரில் இருந்தார். தலை தெரிந்தது. கப்பல் அவ்வளவு வேகமாகப் போகிறது என்று மேலே உட்கார்ந்திருக்கும்போது தெரிவதே இல்லை. அவர் கையை உயர்த்தினார். நானும் உயர்த்தினேன்.

சிவப்பு மிதவை வளையம் ஒன்று அங்கேயே மாட்டியிருந்தது என்கிறீர்கள். ஆமாம், எனக்குத் தெரியும். ஈரத் துண்டை அதன்மேல்தான் உலர்த்துவோம். அபாயப் பொத்தானும் அதன் பக்கத்திலேயே இருந்தது. அழுத்தியிருந்தால் கப்பல் திரும்பியிருக்கும், தேடியிருப்பார்கள், கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் அதற்குள் பொழுது போயிருக்கும், பலெர்மோவை விட்டுவிட்டு நேராக வேறெங்காவது போயிருப்பார்கள். இதையெல்லாம் நான் நிதானமாக யோசித்தேன் என்று நினைக்காதீர்கள். நாற்காலியைப் பழைய இடத்துக்கு இழுத்துவந்தேன். மிச்சமிருந்த துண்டை அவருடையதில் விரித்துக் கிளிப் மாட்டினேன். புத்தகம், செருப்பு, கண்ணாடி. அன்று எல்லாம் மிகச் சரியாக அமைந்தது. அவர் பார்த்திருந்தால்கூடக் குறை சொல்லியிருக்கமாட்டார்.

பக்கத்து நாற்காலி மோரக்குடையது. கிளாஸ்கோவிலிருந்து தனியாக வந்திருந்தார், கணவர் இறந்துவிட்டார். கொஞ்சம் வாய் நீளம். காலை உணவு முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"என்ன கிளெண்டா, உன் வீட்டுக்காரர் இன்னிக்கும் கண்ணாடிய மட்டும் அனுப்பிட்டாரா?"

"நீந்தப் போயிருக்கார்."

"இந்தக் குளத்துலயா? நாலு பேர் எறங்கினா நின்னுக்கிட்டுதான் இருக்கணும். மனுஷன் எங்க நீந்தறது?"

"அவருக்கு நீந்தப் பிடிக்கும்."

"நல்லா நீந்தட்டும். ஆளவிட அவர் கண்ணாடிதான் தங்கமான குணம். அதட்டாது, முறைக்காது, குறட்டையும் விடாது."

நான் சிரித்தேன். மோரக்கிடம் நான் பொய் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனித்தீர்களா?

அரை மணி தாண்டியதும் ரோடெல் வந்தார். குளத்தோர வேலை பார்ப்பவர். மணிலாவில் அவருக்கு மூன்று பெண் குழந்தைகள்.

"மேடம், சார் நாற்காலி ரொம்ப நேரமா காலியா இருக்கு. அங்க ஒருத்தங்க கேக்கறாங்க."

"எடுத்துடேன் ரோடெல். அவர் வந்தா நீயே பேசிக்கோ."

"ஐயோ, வேண்டாம் மேடம். அன்னிக்கு அந்த வேல்ஸ்காரர் வாங்கினதே எனக்கும் சேத்துதான்." கேட்டவரிடம் திரும்பி, "ஆள் வருது சார்" என்றார்.

அவரே சொன்னார். அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதற்குப் பிறகு நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. யார் வந்து கேட்டாலும் மோரக்கோ ரோடெலோ சொல்லி அனுப்பினார்கள்.

யாரும் படிக்காத புத்தகத்தின் பக்கத்தை நான் ஏன் அவ்வப்போது திருப்பினேன் என்று கேட்டீர்கள். நாள் முழுக்க ஒரே பக்கத்தில் இருந்தால் சந்தேகம் வரும். அவருக்கு ஒரு பியர் வாங்கி, பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவர் பக்கம் வைத்தேன். எனக்குப் பியர் பிடிக்காது. பிற்பகலில் வெயில் திரும்பி அவர் நாற்காலியின் மேல் விழுந்தது. எழுந்து அதை நிழலுக்குத் தள்ளி வைத்தேன். வழக்கமாகச் செய்வதுதான்.

இப்போது நீங்கள் அந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்கிறீர்கள். நீந்தும்போது கை வீசுவதை எண்ணுகிற கடிகாரம், பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தது. மீனவர்கள் அவர் உடலைக் கண்டெடுத்தபோது கையிலேயே இருந்திருக்கிறது. பிற்பகல் வரை எண்ணியிருக்கிறது என்கிறீர்கள். இருக்கலாம். ப்ரெஸ்டனில் வாரம் தவறாமல் நீந்துவார். கடலும் அன்று வெதுவெதுப்பாக இருந்தது. நான் நாற்காலியைத் தள்ளி வைத்த நேரத்தில் அவர் இன்னும் நீந்திக்கொண்டிருந்தார் என்று சொல்ல வருகிறீர்கள். புரிகிறது. எனக்குக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா?

நன்றி.

மறுநாள் காலையில் பலெர்மோ. துண்டு, கிளிப் எல்லாம் வைத்துவிட்டு நான் இறங்கினேன். என் நாற்காலியில் என் கண்ணாடியை வைத்தேன். அதனால் ஊர் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தது. சந்தையில் மீன் வாடையும் கூச்சலும். உருண்டை விற்றவர் கையில் சுட்டுவிடப் போகிறது என்று இரண்டு காகிதம் சுற்றிக் கொடுத்தார். நின்றுகொண்டே சாப்பிட்டேன். எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், எழுந்தால் யாரும் உட்கார்ந்துவிடமாட்டார்கள் என்பது விசித்திரமாக இருந்தது. இன்னொன்றும் வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பி வந்தபோது மூலையில் டெரன்ஸின் நாற்காலியில் மோரக் உட்கார்ந்திருந்தார். எங்கள் பொருட்களை ரோடெல் ஒரு பையில் போட்டு வைத்திருந்தார்.

"தப்பா நினைக்காத கிளெண்டா" என்றார் மோரக். "ரெண்டு பேருமே ரொம்ப நேரமா இல்ல. நான்தான் ரோடெல எடுக்கச் சொன்னேன். ஆள் வருதா?"

"இல்ல. நீங்க உக்காருங்க."

அப்படிச் சொல்லிவிட்டுத்தான், இதை நான் எங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்று ரோடெலிடம் கேட்டேன். எதை என்றார். டெரன்ஸை, என்றேன். அவர் பையைக் கீழே போட்டுவிட்டார். உள்ளே கண்ணாடிகள் இருந்தன. இரண்டில் என்னுடையதுதான் உடைந்தது.

அவ்வளவுதான். பொத்தானை அழுத்தவில்லை, வளையத்தை எறியவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. அவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தேதான் அவர் இடத்தைக் காத்தேன். கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன்.

நீங்கள் எழுதியதில் ஒரு வரியை மட்டும் நான் ஒப்புக்கொள்ள முடியாது. கேமராப் படத்தை மூன்று முறை போட்டுக் காட்டினீர்கள். மேல்தளம் முழுவதும் அதில் தெரிகிறது. எங்கள் இருவரைத் தவிர அங்கே யாரும் இல்லை என்கிறீர்கள். நீலக் கால்சட்டையும் இல்லை. டெரன்ஸ் "கெட்டியாப் பிடி, விட்டுடாத" என்று சொல்வதுகூட உதட்டசைவில் தெரிகிறது என்கிறீர்கள். நான் சக்கரப் பக்கம் பார்த்துவிட்டு, கையை எடுத்துவிட்டு, நடந்துபோய் உட்கார்ந்து, பாவாடையைச் சரிசெய்துகொள்கிறேன். பார்த்தேன். அது நான்தான்.

ஆனால் படத்தில் எல்லாம் விழாது. அந்த இடத்தை உங்களுக்குத் தெரியாது. காலையில் வெயில், மதியம் நிழல். அதற்கு எப்போதும் ஆள் வரும்.