பெரிய வீட்டு வரியும் பிரசவ விடுதிக் கதவும்

பிரசவ விடுதியின் தலைமைத் தாதி ஸ்ரீமதி கோதைநாயகி அம்மாள் அவர்கள் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும் நன்னாளில், விடுதி ஊழியர்கள் அன்புடன் வாசித்தளித்த பாராட்டு மடல்

காவிரி இரு கரமாய்ப் பிரிந்து அணைத்துக் கிடக்கும் திருவரங்கத்தில் பிறந்து, தாயுமானவர் மலையடியில் தாயாகவே வாழ்ந்த அன்னையே! பெற்றவள் காணுமுன் பிள்ளை முகம் காணும் பேறு பெற்ற பெருமாட்டியே! சொல்லில் சுருக்கமும், செயலில் செம்மையும், சினத்திலும் சிறு புன்னகையும் கொண்ட செல்வியே! அழுகுரல் கேட்டு ஆறுதல் அடையும் ஒரே உத்தியோகத்தில் ஆயுளின் பெரும்பகுதியை அர்ப்பணித்தவரே! தங்களுக்கு எங்கள் வணக்கம்.

அடைமொழிகளை இன்னும் அடுக்க ஆசைதான். ஆயினும் இங்கே கூடியிருப்போரில் பாதிப் பேர் 1932 ஆம் வருஷத்துக்குப் பிறகு வேலைக்கு வந்தவர்கள். இந்தக் கதவு இன்று திறந்திருக்கிறதே, அது ஏன் திறந்திருக்கிறது என்பதை அவர்கள் அறியார்கள். தாங்களோ அதை ஒருநாளும் சொல்லப் போவதில்லை. ஆகையால் அன்று உடனிருந்த கம்பவுண்டர் ஸ்தனிஸ்லாஸாகிய நான், எல்லா ஊழியர் சார்பிலும் இம்மடலை எழுதுகிறேன். தாங்கள் நடுவில் எழுந்து "போறும், போறும்" என்று கையமர்த்தாமல் கேட்டருள வேண்டும்.

அம்மையீர்! திருவரங்கத்துச் சித்திரை வீதியில் வைதிகக் குடும்பத்தில் பிறந்து, இளவயதிலேயே கணவரை இழந்து, மூலையில் அமர வேண்டிய விதியைத் தாங்கள் ஏற்கவில்லை. சென்னைக்குச் சென்று தாதிப் பயிற்சி பெற்றுத் திரும்பினீர்கள். வீட்டார் தீட்டென்று தங்களுக்குத் தனிச் செம்பு வைத்தார்கள். தாங்கள் அந்தச் செம்பையும் எடுத்துக்கொண்டு பாலக்கரையில் ஒற்றை அறைக்குக் குடிவந்தீர்கள். இந்த விடுதி உண்டாவதற்கு முன்பே சந்து சந்தாய் நடந்து பிரசவம் பார்த்தீர்கள். விடுதி திறந்த முதல் வாரத்தில், துப்புரவுத் தொழிலாளி ஒருவரின் மனைவிக்கு அடுத்த கட்டிலில் தம் வீட்டுப் பெண்ணைப் படுக்கவைக்க மாட்டோம் என்று ஒரு குடும்பத்தார் குறுக்கே நின்றபோது தாங்கள் சொன்னதை ஊரே பேசியது.

"வலிக்கறப்போ எல்லாரும் 'அம்மா'ன்னுதான் கத்தறா. அதுல மடி ஏது, விழுப்பு ஏது? படுக்கச் சொல்லுங்கோ."

படுத்தார்கள். இரண்டும் சுகப் பிரசவம்.

இனி 1932 ஆம் வருஷத்துக்கு வருகிறேன். உலகமெங்கும் வியாபாரம் படுத்துவிட்ட காலம். உறையூர்ச் சுருட்டுக் கொட்டகைகளில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. அப்போது நகர சபை அங்கத்தினராக இருந்த சுருட்டு வியாபாரி திரு. பெரியண்ணன் அவர்கள் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஊரிலுள்ள பெரிய வீடுகளுக்கு வீட்டு வரியில் கால் பங்கு குறைக்க வேண்டும் என்பது அதன் முதல் பாதி. அதனால் ஏற்படும் குறையை ஈடுகட்ட, பிரசவ விடுதியை மூடி, ஏழைக் குழந்தைகளுக்குக் காலையில் நாம் ஊற்றும் பாலையும் நிறுத்த வேண்டும் என்பது மறு பாதி.

ஊழியர் அனைவரும் சபை மண்டபத்தின் வராந்தாவில் நின்று கேட்டோம். திரு. பெரியண்ணன் கொடியவர் அல்லர். பஞ்ச காலத்தில் கஞ்சித் தொட்டி வைத்தவர். அன்று அவர் பேசியது இது:

"நான் ஒண்ணும் கல்நெஞ்சன் இல்லீங்க. வரியில மிச்சமாகிற பணத்தைப் பெட்டியில வச்சுப் பூட்டப் போறதில்லை. கொட்டகையில நாலு பேரைத் திருப்பிச் சேர்த்துக்குவேன். என்னை மாதிரி இன்னும் பத்துப் பேரு சேர்த்துக்குவாங்க. புருஷனுக்கு வேலை இருந்தா, பொண்டாட்டிக்கு மருத்துவச்சி கூலியை அவனே கொடுத்துட்டுப் போறான். இதுக்கு சபை எதுக்குங்க?"

கைதட்டினார்கள். அதில் நியாயமே இல்லையென்று எங்களாலும் சொல்ல முடியவில்லை. சம்பளக்காரர்கள் சபையில் பேசக் கூடாது. ஆனாலும் தலைவர் தங்களைப் பார்த்து, விடுதியைப் பற்றிச் சொல்ல ஏதேனும் உண்டா என்று கேட்டார். தாங்கள் வராந்தாவிலிருந்து கதவருகே வந்து நின்றீர்கள்.

"அவர் நாலு பேரைச் சேர்த்துக்கட்டும், ரொம்ப சந்தோஷம். ஆனா வேலை கிடைக்கற வரைக்கும் பிரசவ வலி காத்துண்டு இருக்காதே."

சிலர் சிரித்தார்கள். ஓட்டெடுத்தார்கள். தோற்றோம். ஏப்ரல் முதல் விடுதி மூடப்படும் என்றும், வீட்டுக்குரியவர்கள் ஆட்சேபம் சொல்ல விரும்பினால் அடுத்த கூட்டத்துக்கு வந்து சொல்லலாம் என்றும் நோட்டீஸ் ஒட்டினார்கள். பெரிய வீட்டுக்காரர் எவராவது தம் வரி குறைவதை ஆட்சேபிப்பாரா? அந்த நோட்டீஸை யாரும் நின்று படிக்கவில்லை.

அன்று மாலை நம் ஆயா ஜீனத் பொங்கிவிட்டாள். "இனிமே அந்தப் பெரிய வீட்டுப் பிரசவம் ஒண்ணுக்கும் நீங்க போகாதீங்கம்மா. கூப்பிட்டா வர முடியாதுன்னு சொல்லுங்க. துடிச்சாத்தான் அவங்களுக்குப் புத்தி வரும்."

நாங்களும் தலையசைத்தோம். தாங்கள் கை கழுவிக்கொண்டே சொன்னீர்கள்: "துடிக்கப் போறது தீர்மானம் போட்டவா இல்லியேடி ஜீனத். அவாத்துப் பொம்மனாட்டிகள்தானே?"

சொன்னதும் தாங்களே ஒரு கணம் நின்றுவிட்டீர்கள். அந்தப் பொம்மனாட்டிகளை நினைத்தபோதுதான் தங்களுக்கு வழி புலப்பட்டது. இந்த ஊரில் பெரிய வீடுகள் பலவும் பெண்கள் பெயரில் இருப்பது ஊரறிந்த சங்கதி. வியாபாரம் நொடித்தால் கடன்காரன் வீட்டில் கைவைக்கக் கூடாதென்று கணவன்மார் செய்துகொண்ட ஏற்பாடு அது. அப்படியானால் சட்டப்படி வீட்டுக்குரியவர்கள் யார்? ஆட்சேபம் சொல்லத் தகுந்தவர்கள் யார்? எந்தச் சபை அங்கத்தினரும் நுழைய முடியாத உள்கட்டுகளில் இருந்த அந்தப் பெண்களிடம், தாதியாகிய தாங்கள் மட்டும் தடையின்றிப் போகலாம்.

மறுநாள் முதல் வேலை முடிந்ததும் ஜீனத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு புறப்பட்டீர்கள். பழைய நகரில் தோல் மண்டி வைத்திருந்தவரின் விதவை ரஷீதா பேகம் வீட்டுக்குப் போனது பற்றி ஜீனத் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். அந்தத் தெருவிலேயே அதிக வரி கட்டியவர் அந்த அம்மாள். குறைப்பால் அதிக லாபம் அடையப் போகிறவரும் அவரே. தேநீர் கொடுத்து உபசரித்து, தாங்கள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அவர் நேராகவே கேட்டார்:

"நர்சம்மா, நான் வருஷா வருஷம் ஏழைங்களுக்கு ஜகாத் கொடுக்கிறவ. உங்க விடுதிக்கு என்ன வேணுமோ சொல்லுங்க, என் கையால நானே கொடுத்துடறேன். சர்க்காருக்குக் கட்டி, அது சுத்தி வளைச்சு வரணுமா?"

"நீங்க கொடுப்பேள், எனக்குத் தெரியும். உங்களுக்கப்புறம்? தர்மம் கொடுக்கறவா மனசைப் பொறுத்தது. வாங்கறவளும் ஒவ்வொரு தடவையும் அந்த மனசுக்கு முன்னாடி வந்து நிக்கணும். வரின்னா அப்படியில்லே. எங்கிட்ட வர்றவ, இது என் ஊர் விடுதின்னு தலை நிமிர்ந்து உள்ளே வரா."

"நான் கட்டுறது உங்க விடுதிக்குத்தான் வரும்னு என்ன நிச்சயம்? ரோட்டுக்குப் போட்டுட்டாங்கன்னா?"

"நிச்சயம் இல்லே. ஆனா குறைச்சுட்டா வராதுங்கறது நிச்சயம்."

ரஷீதா பேகம் சிரித்தாராம். "இந்த வீட்டுக்கு நான் வாழ வந்து தலை நரைச்சுப் போச்சு. வரியைப் பத்தி என்கிட்ட யாரும் இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எங்கே கையெழுத்துப் போடணும், சொல்லுங்க."

எல்லா வீட்டிலும் இப்படி நடக்கவில்லை. சில இடங்களில் "அவரைக் கேட்டுச் சொல்றேன்" என்றார்கள். பிறகு சொல்லவே இல்லை. சில வீடுகளில் கதவு திறக்கவில்லை. தாங்கள் பிறந்த வீட்டிலேயே தங்கள் தமையனார், கொல்லைப்புறத்தில் நிறுத்திப் பதில் சொல்லி அனுப்பினார். உறையூரில் திரு. பெரியண்ணனின் மனைவி கமலவல்லி அம்மாளிடமும் போனீர்கள். அந்த அம்மாள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அவருக்கு எதிரா நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுவேன்?"

"வேண்டாம்னா வேண்டாம். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். எப்போ ஆள் அனுப்பினாலும் முன்ன மாதிரியே ஓடி வருவேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டீர்கள்.

அடுத்த கூட்ட நாளன்று சபை மண்டபத்து வாசலில் திரை போட்ட குதிரை வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. பெண்கள் இறங்கினார்கள். உட்கார நாற்காலி இல்லாமல் குமாஸ்தாக்கள் தம் நாற்காலிகளைத் தூக்கிக் கொடுத்தார்கள். ரஷீதா பேகம் வண்டித் திரைக்குள் இருந்தபடியே தம் மனுவை ஜீனத்திடம் கொடுத்தனுப்பினார். கடைசி வண்டியிலிருந்து இறங்கியவரைக் கண்டு திரு. பெரியண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"நீ எங்கே இங்கே வந்தே?"

கமலவல்லி அம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "வீட்டுக்கு உரியவங்க வந்து சொல்லலாம்னு நோட்டீஸ்ல போட்டிருக்காமே. வீடு என் பேருலதாங்களே இருக்கு. நீங்கதானே எழுதி வச்சீங்க?"

மண்டபம் அதிரச் சிரித்தது. திரு. பெரியண்ணன் சிரிக்கவில்லை. ஆனால் மனைவியைத் தடுக்கவும் இல்லை. "சரி, வந்தது வந்தே, சொல்லு" என்றார்.

"ஆறு பெத்தேன். முதல் நாலும் தங்கலை. நர்சம்மா கைப்பட்ட ரெண்டுதான் இன்னிக்கு வீட்டுல ஓடியாடுது. நாம கூப்பிட்டா அவங்க வீட்டுக்கே வருவாங்க. நம்ம கொட்டகையில சுருட்டு சுத்துறவனோட பொண்டாட்டிக்கு அந்த இடமும் இல்லேன்னா, எங்கேங்க போவா? என் வீட்டு வரி இருக்கிறபடியே இருக்கட்டும்."

தீர்மானத்தை மறுபடியும் ஓட்டுக்கு விட்டார்கள்.

அன்று முழு வெற்றி கிடைத்தது என்று எழுதினால் தாங்களே திருத்துவீர்கள். வரிக் குறைப்பைப் பாதியாக்கி, இரண்டு வருஷத்துக்கு மட்டும் என்று முடிவு செய்தார்கள். விடுதி தப்பியது. பால் தப்பவில்லை. அந்த இரண்டு வருஷமும், சவலைப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் கேட்டு வந்து நின்ற தாய்மாரைத் தாங்கள் உள்ளே அழைத்து உட்காரவைத்து, பக்குவம் சொல்லி அனுப்பிவிட்டு, மருந்தறைக்கு வந்து சுவரைப் பார்த்தபடி நின்றதை நான் கண்டிருக்கிறேன். பிழைக்காமல் போன குழந்தைகளும் உண்டு. அவர்கள் பெயர்கள் தங்களுக்கு இன்றும் நினைவிருக்கும்; எனக்கும் சில நினைவிருக்கின்றன.

தங்களுக்குத் தண்டனையும் வந்தது. உத்தியோகத்தில் இருந்துகொண்டு வரி விஷயத்தில் வீடு வீடாய்ப் போய்ப் பேசியது விதிக்கு விரோதம் என்று சம்பள உயர்வை நிறுத்தினார்கள். மேல்முறையீடு செய்யும்படி நாங்கள் கெஞ்சினோம். "விரோதம்தானே? தெரிஞ்சுதான் செஞ்சேன். போட்டது சரி" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கருவிகளைப் பார்க்கப் போய்விட்டீர்கள்.

இரண்டு வருஷம் கழிந்து வரி பழைய நிலைக்கு வந்தது, பாலும் வந்தது. திரு. பெரியண்ணன் அவர்கள் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவே இல்லை; அன்றும் எதிர்த்தே ஓட்டுப் போட்டார். ஆயினும் சொன்னபடி கொட்டகையில் சிலரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார் என்பதையும், அவர்களில் ஒருவரின் மனைவி இங்கேதான் இரட்டைப் பிள்ளை பெற்றாள் என்பதையும் நேர்மையின் பொருட்டுச் சொல்லிவிடுகிறேன்.

அன்னையே! தங்களிடம் நாங்கள் வாங்கிய திட்டுகளுக்கும் இன்று நன்றி சொல்கிறோம். நகம் வளர்த்தால் திட்டு. வென்னீர் ஆறினால் திட்டு. பெண் குழந்தை என்று யாராவது குரலைத் தாழ்த்திச் சொன்னால் பெருந்திட்டு. "நன்னா உரக்கச் சொல்லு! பொண்ணு பொறந்திருக்கு!" என்று தாங்கள் வராந்தா வரை கேட்கக் கூவிய குரல், வெளியே முகம் வாடி நின்ற எத்தனை தகப்பன்மாரை நிமிர்த்தியிருக்கிறது! வெற்றிலையும் தேங்காயும் தவிர வேறொன்றும் எவரிடமும் வாங்காத தங்களுக்கு ஒரே பலவீனம் காபி. ஊரார் வரியைக் குறைக்கக் கூடாதென்று போராடிய தாங்கள், காபிக்கு வரி போட்டால் மட்டும் முதல் ஆளாய் ஆட்சேப மனுக் கொடுப்பீர்கள் என்று ஜீனத் சொல்வாள். இந்த யுத்த காலத்தில் அந்த ஆபத்தும் இல்லாமலில்லை.

விடுதி நாளைக்கும் திறந்திருக்கும். வரியைக் குறைக்க வேண்டும் என்று கேட்பவர்களும் நாளைக்கு வருவார்கள். அவர்கள் பேச்சிலும் ஒரு நியாயம் இருக்கும். அப்போது நாங்கள் சண்டைக்குப் போகாமல், தங்களைப் போல் கதவைத் தட்டிப் பேசுவோம், இசைந்தவரை வாழ்த்துவோம், இசையாதவர் வீட்டுக்கும் ஆள் வந்தால் ஓடுவோம். தாங்கள் எங்களுக்கு விட்டுச் செல்லும் பெருஞ்செல்வம் இதுவே.

அரங்கநாதன் அருளாலும், தாயுமானவர் தயையாலும், நானும் நம்மில் பலரும் மன்றாடும் மாதாவின் மன்றாட்டாலும், ஜீனத் ஐவேளையும் தொழும் அல்லாவின் கிருபையாலும் தாங்கள் நோயின்றி நெடுங்காலம் வாழ வேண்டும். நடந்து நடந்து தேய்ந்த பாதங்கள் நிழலில் நீட்டி அமர வேண்டும். எவரும் வந்து எழுப்பாமல் விடியும் வரை தாங்கள் உறங்க வேண்டும்.

இந்நகரில் இன்று பள்ளிக்கு ஓடுவோரையும், பொன்மலை ரயில் பட்டறைக்கு வேலைக்குச் செல்வோரையும், இடுப்பில் தம் பிள்ளையைச் சுமந்து நிற்போரையும் உலகில் முதன்முதல் ஏந்தியவை தங்கள் கைகள். அந்தக் கைகள் தளரும் நாளில், அவற்றைப் பற்றிக்கொள்ள ஒருபோதும் ஒரு கை குறையாதிருப்பதாக!

இங்ஙனம்,
தங்களால் திட்டப்பட்டும் திருத்தப்பட்டும் தங்களை மறவாத
பிரசவ விடுதி ஊழியர்கள்

திருச்சிராப்பள்ளி,
1941, ஜூன்