ஐம்பத்தேழாவது விநாடி

மணி பன்னிரண்டரை. பாலத்தைத் தாண்டிவிட்டால், மூடிக்கிடக்கும் மில் வரைக்கும் ஒரு விளக்குக்கூடக் கிடையாது... இரண்டு பக்கமும் முள்காடு. அந்தச் சாலையில் ஒருத்தன் தனியாகப் பைக்கில் போனான்.

நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. இது என் சிநேகிதியின் அக்கா வீட்டில் நடந்தது.

போனவன் அந்த அக்காவின் மகன். அவனும் அவன் தங்கையும் ஒரே சினிமாக் கல்லூரி. அவன் கேமரா, அவள் ஒலிப்பதிவு. மில்லைக் காவல் காக்கும் பெரியவரைப் பற்றிப் பத்து நிமிட ஆவணப்படம். காலை பத்து மணிக்குள் கொடுக்காவிட்டால் இருவருக்கும் ஒரு வருஷம் வீண். இவனோ படம் பதிவான கார்டை பாய்லர் அறை ஜன்னலிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான்.

"தலை கழண்டு வர்றதா இருந்தா அதையும் அங்கேயே வச்சுட்டு வந்திருப்படா," என்றாள் தங்கை.

"உன் வாய்க்குப் பயந்தே பறந்து வந்துடுவேன், தாயே!"

சிரித்துக்கொண்டேதான் போனான்.

அவள் எடிட்டிங் அறையில் தனியாக உட்கார்ந்து, மாலையில் பதிவு செய்த ஒலியைத் திறந்தாள். ஒலிப்பதிவுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பேட்டி முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் இருக்கச் சொல்லி, அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்துகொள்வார்கள். பேச்சை வெட்டிய இடத்தில் அதைப் பூசினால் ஒட்டுத் தெரியாது. மாலையில் பாய்லர் அறையிலும் அப்படித்தான். காவல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணன் சிரிப்பு வராமலிருக்க வாயைப் பொத்திக்கொண்டு, அவள் தோளருகிலேயே நின்றான்.

ஹெட்போனை மாட்டினாள். குழாய் சொட்டியது. எங்கோ ஒரு தகரம் ஆடியது.

இருபதாவது விநாடி... ஒரு பைக்.

இருமி இருமி வரும் அண்ணனின் பைக். மாலையில் அவர்கள் போனது கல்லூரி வேனில். பைக்கே அங்கே இல்லை.

இரும்புக் கதவு கிறீச்சிட்டது. செருப்பு தேயும் சத்தம்... அவன் நடைதான்.

"ஐயா, தூங்கிட்டீங்களா? கார்டை விட்டுட்டுப் போயிட்டேன்..."

ஏசி அறையில் திடீரென்று எரிந்த எண்ணெய் வாடை. பாய்லர் அறையின் வாடை.

அவனைப் போனில் கூப்பிட்டாள். மணி அடித்தது... ஹெட்போனுக்குள்ளும் அடித்தது. மாலையில் பதிவான ஒலிக்குள், அவள் இப்போது அடிக்கும் மணி.

"தங்கச்சி கூப்பிடுறா. எடுத்துப் பேசட்டுமாய்யா?"

மைக்குக்கு வெகு அருகில் ஒரு குரல். காவல்காரர் குரல் இல்லை.

"அசையாத. இன்னும் நிமிஷம் முடியல."

ஐம்பத்தாறு... ஐம்பத்தேழு... அவள் பட்டனை அழுத்தி நிறுத்தினாள். ஹெட்போனில் மணி நின்றது. காதோரம் வைத்திருந்த போனிலும், அதே நொடியில்.

விடிந்ததும் தாய்மாமன் மில்லுக்கு ஓடினார். வாசலில் பைக் நின்றது. ஜன்னலில் கார்டு இருந்தது. அவனைத்தான் காணோம். "ராத்திரி யாருமே வரலையே, தம்பி," என்று விழித்தார் காவல்காரர்.

ஐந்து மாதம் ஆகிறது. கல்லூரியில் அந்தக் கம்ப்யூட்டரை யாரும் அணைப்பதில்லை. மூன்று விநாடி பாக்கி நிற்கிறது. அம்மாக்காரி வாரந்தோறும் மகளை இழுத்துக்கொண்டு போகிறாள். "அழுத்துடி... ஒரு வார்த்தை பேசட்டும்டி," என்று அழுகிறாள். மகளின் விரல் பட்டனுக்குப் போனதும், அம்மாக்காரியே மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள்.

"வேணாம்டி. இப்படியே இருக்கட்டும்."

போன வாரம் என் சிநேகிதி அந்த வீட்டுக்குப் போயிருந்தாள். முற்றத்தில் அவன் பைக் தூசி படிந்து நின்றதாம். ஓரமாகத் தள்ளி வைக்கலாமென்று குனிந்தபோது, கை சைலன்சரில் பட்டுவிட்டது.

இன்னும் கொப்புளம் ஆறவில்லை, கண்ணுகளா.