ஏழும் இரண்டும்

கடையில் அடிபட்ட தக்காளியாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வருகிற ஆள் நான். என் மனைவி தலையில் அடித்துக்கொள்ளாத நாள் கிடையாது. போக்கர் ஆட்டத்திலும் அதே புத்திதான். முதலில் ஆளுக்கு இரண்டு சீட்டு வரும். தேறாத சீட்டென்றால் விவரமானவன் கவிழ்த்துவிட்டு விலகுவான். நான் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இதில் தைரியம் ஒன்றும் இல்லை, சார். நானும் மச்சானும், அதாவது மனைவியின் அண்ணனும், ஆஸ்பத்திரியில் லிஃப்ட் மெக்கானிக்குகள். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. ஆட்டத்தின் நடுவே லிஃப்ட் நின்று மணி அடித்தால், சீட்டைக் கவிழ்ப்பவனோ தோற்பவனோ மாடியேற வேண்டும். மேலே மோட்டார் அறையில் சக்கரத்தைக் கையால் சுற்றினால், நின்றுபோன லிஃப்ட் நகர்ந்து வாசலுக்கு வந்துவிடும். எனக்குப் படியேறச் சோம்பல். அப்படித்தான் கவிழ்க்காத மாவீரன் ஆனேன்.

அன்று என் கையில் ஏழும் இரண்டும். அதைவிட மட்டமான கை ஆட்டத்திலேயே இல்லை. பந்தயமோ தீக்குச்சி. மணி அடித்தது. லிஃப்டுக்குள்ளிருந்து இன்டர்காமில் நர்ஸ் பேசினாள்.

"லிஃப்ட் நின்னுடுச்சு. பேஷண்டுக்கு ஆக்ஸிஜன் தீரப்போகுது. சீக்கிரம் வாங்கண்ணா."

"நான் போறேன் மாப்ள," என்று மச்சான் எழுந்தார்.

"தீக்குச்சிக்கே கை நடுங்குதா மச்சான்?" என்றேன்.

அவர் ரோஷக்காரர். முகம் சிவக்க மறுபடி உட்கார்ந்தார். நர்ஸ் திரும்பவும் கூப்பிட்டாள். யோசிக்க இடைஞ்சலாக இருந்ததால் சத்தத்தைக் குறைத்து வைத்தேன். மேசையில் இருவருக்கும் பொதுவாக விரித்த சீட்டுகளில் எனக்கு இன்னும் இரண்டு ஏழு விழுந்தன. மச்சான் காட்டியது ராஜா ஜோடி. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறார் மனிதர். ஆனால் ஜோடியை மூன்று ஏழு அடித்துவிடும். ஜெயித்தேன். பெருமையாகக்கூட இருந்தது, அதை மறைப்பானேன்.

மச்சான் ஓடினார். கதவு திறந்தபோது நர்ஸ் காலி சிலிண்டர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாளாம். ஸ்ட்ரெச்சரில் இருந்த பெரியவர் போய்விட்டார்.

தப்பெல்லாம் தன்மேல்தான் என்று மச்சான் விசாரணையில் உங்களிடம் சொல்லியிருக்கிறார். அது சரியில்லை. எழுந்தவரை உட்கார வைத்தவன் நான்தான். அதை எங்கே வேண்டுமானாலும் சொல்கிறேன்.

ஆனால் நீங்களும் நியாயமாகப் பார்க்க வேண்டும். அந்தப் பெரியவர் பிழைக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு என்று டாக்டரே சொன்னாராம். அவ்வளவு தேறாத ஒருவருக்காக யாராவது கையில் இருக்கும் ஆட்டத்தை விடுவார்களா, சார்?