தொட்டிக்குள்ளே கூப்பிடுறான்

பழைய இசைத்தட்டைக் கழுவ சோப்பு போடக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தட்டைப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்து நிற்பார்கள். அழுக்கு போயிருக்கும், கூடவே பாட்டும் போயிருக்கும். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், இன்ஸ்பெக்டர் மேடம், நான் செய்ததெல்லாம் இந்த ஒரு எண்ணத்திலிருந்துதான் வந்தது. கேட்பதற்கு அது கெட்ட எண்ணமாகத் தெரியாது.

இறந்தவர் என் மனைவியின் அண்ணன். வீட்டில் எனக்கு மச்சான். வெளியில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். அறுபதுகளில் மேடையில் ஒற்றைக் காலில் சுழன்றுகொண்டே பாடுவார், அதனால் வந்த பெயர். அவரும் மூன்று நண்பர்களும் ஒரு கார் ஷெட்டில் கிட்டாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு அடித்த கூத்தைத்தான் இப்போது கராஜ் ராக் என்கிறார்கள், சைக்கடெலிக் என்கிறார்கள். அப்போது அக்கம்பக்கத்தார் வைத்திருந்த பெயரை உங்கள் முன்னால் சொல்ல முடியாது. ஸ்பீக்கரின் காகிதத்தை பிளேடால் கீறிவிட்டால் கிட்டார் கரகரவென்று பிய்த்துக்கொண்டு வரும் என்று அந்த ஷெட்டில் கண்டுபிடித்தவர் அவர். கீறின ஸ்பீக்கர் ரொம்ப நாள் தாங்காது. அந்த வயதில் யார் அதைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்?

ஒரே ஒரு தட்டு போட்டார்கள். அதில் அவர் திரும்பத் திரும்பப் பாடுவது இரண்டே வரிதான். ‘தண்ணித் தொட்டிக்குள்ளே ஒருத்தன் கூப்பிடுறான், வரேன்னு நானும் சொல்லிப்புட்டேன்.’ இப்போது கேட்கிற பையன்கள் அதற்கு என்னென்னவோ அர்த்தம் சொல்கிறார்கள். பிறவி என்கிறார்கள், கருப்பை என்கிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அவருக்கு நிஜமாகவே தொட்டிக்குள்ளிருந்து குரல் கேட்டது. கேட்டதைச் சொன்னார். தட்டு வெளிவந்த வருடமே மொட்டைமாடித் தொட்டியின் மேலிருந்து அவரை இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிறகு மாத்திரை. பிறகு முப்பது வருடத்துக்கும் மேலாக எந்தக் குரலும் இல்லை.

அந்த ஷெட்டுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டவன் நான். அந்த வீட்டுக்கு நான் மாப்பிள்ளையாகப் போனதே அந்தக் குரலுக்காகத்தான். இதை என் மனைவியிடம் இதுவரை சொன்னதில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அந்தக் குரல் அங்கே இல்லை. சாதுவான ஒரு மனிதர் இருந்தார். கல்யாணமான புதிதிலேயே எங்களோடு வந்துவிட்டார். எங்கள் வீட்டுத் துணி முழுவதும் அவர்தான் இஸ்திரி போடுவார். தலையணை உறையைக்கூட விட மாட்டார். சாயங்காலம் என் மனைவி மாத்திரையும் தண்ணீரும் கொடுப்பாள். விழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டுவார். ஆஸ்பத்திரியில் பழக்கியது. அவள் பார்த்துவிட்டு, “சரிண்ணா” என்பாள். அவர் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு சிரிப்பார்.

போன வருடம் யாரோ அந்தப் பாட்டை ஒரு தொகுப்பில் சேர்த்து வெளியிட்டார்கள். காட்டுத்தீ மாதிரி பரவிவிட்டது. என் கடைக்கு ஒரு தாடிக்காரன் வந்தான், கச்சேரிகள் நடத்துகிறவன். பம்பரம் உயிரோடு இருக்கிறார், அதுவும் என் வீட்டில் சட்டை மடித்துக்கொண்டிருக்கிறார் என்றதும் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். மண்டபம் பேசி, தேதியும் குறித்தான்.

என் மனைவி மறுப்புச் சொல்லவில்லை. “பாடட்டுங்க, அண்ணனுக்கும் சந்தோஷமா இருக்கும். மாத்திரை மட்டும் ஒரு வேளைகூடத் தப்பக் கூடாது” என்றாள்.

ஒத்திகைக்கு அழைத்துப் போனேன். பாடினார். சுருதி பிசகவில்லை, வார்த்தை தப்பவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை பரிசுக்குப் பாடுகிற மாதிரி பாடினார். பையன்கள் கை தட்டினார்கள். படியில் இறங்கும்போது தாடிக்காரன் யாரிடமோ, “உடம்பு மட்டுந்தாண்டா வந்திருக்கு, ஆளு எப்பவோ போயாச்சு” என்றது என் காதில் விழுந்தது. மச்சான் காதிலும் விழுந்திருக்கும். அவர் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டார்.

அடுத்த வாரம் மகளின் பிரசவத்துக்காக என் மனைவி ஊருக்குக் கிளம்பினாள். இரண்டு மாதம் அங்கே இருக்க வேண்டியிருந்தது. வாசலில் ஆட்டோ நிற்கும்போதும் அதே பேச்சுதான். “நாக்கை நீட்டச் சொல்லிப் பாருங்க. சில நாள் கன்னத்துல ஒதுக்கி வச்சிடுவாரு.”

அன்று சாயங்காலமே மாற்றினேன். நான் சாப்பிடும் வைட்டமின் மாத்திரையும் அதே வெள்ளை, ஏறக்குறைய அதே அளவு. அழுக்கு என்று நினைத்து அந்த மனிதரை எல்லோரும் தேய்த்துக் கழுவிவிட்டார்கள், அடியில் அவர் இன்னும் இருக்கிறார் என்று நினைத்தேன். அவருக்கு நல்லது செய்வதாகவே நினைத்தேன். அவர் மாத்திரையை விழுங்கி நாக்கை நீட்டினார். நான் குனிந்து பார்த்து, “சரி மச்சான்” என்றேன். தினமும் சொன்னேன். மற்றதையெல்லாம் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டேன், இதை மட்டும் முடியவில்லை.

இரண்டு மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு என் சட்டை ஒன்றில் இஸ்திரிப் பெட்டி அப்படியே பதிந்து கருகியிருந்தது. எதையோ கேட்டுக்கொண்டு நின்றுவிட்டார். பேச்சு குறைந்தது, முணுமுணுப்பு கூடியது. அந்த முணுமுணுப்பில் பழைய கரகரப்பு இருந்தது, மேடம். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ஒருநாள் காலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“மாப்பிள்ளை, மேல ஏதாச்சும் சத்தம் கேக்குதா?”

“இல்லையே மச்சான்.”

“அப்ப எனக்கு மட்டுந்தான்.” என் மனைவியை அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். “பாப்பாவுக்கு போன் போட்டுச் சொல்லலாமா? டாக்டர்கிட்ட போயிட்டு வந்துடலாம். உன்னைத் தொந்தரவு பண்றதுக்குக் கூச்சமா இருக்கு.”

“கச்சேரி முடியட்டும் மச்சான்” என்றேன்.

அன்று என் மனைவி போனில் கேட்டாள், மாத்திரை போட்டாரா என்று. போட்டார், நாக்கையும் காட்டினார் என்று நாக்கூசாமல் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கச்சேரியைப் பற்றி அங்கே இருந்தவர்களைக் கேளுங்கள். அந்த வயதில் ஒற்றைக் காலில் சுழன்றார். அவர் அடித்தொண்டையிலிருந்து அந்த இரண்டு வரியை இழுத்தபோது மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை. தாடிக்காரன் அழுதான். நானும் அழுதேன். மச்சான் மட்டும் யாரையும் பார்க்கவில்லை. பாட்டு முடிந்தும் மேலே, கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே சரியான மாத்திரையை ஆரம்பிப்பதாக இருந்தேன். இப்படித்தான் முதலில் உங்களிடம் எழுதிக் கொடுத்தேன். அது உண்மையில்லை. இன்னொரு தட்டு போடலாம் என்று தாடிக்காரன் சொல்லியிருந்தான். இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று மாத்திரைப் புட்டியை அலமாரியில் உள்ளே தள்ளி வைத்தேன்.

புதன்கிழமை மத்தியானம் காய்ந்த துணியை எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். அவர் தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். மூடியைத் திறந்து வைத்து, உள்ளே குனிந்து பாடிக்கொண்டிருந்தார். குரல் தண்ணீரில் பட்டு, சுவரில் மோதி, ஒன்றுக்கு நாலாகத் திரும்பி வந்தது. எந்த ஸ்டுடியோவிலும் அப்படி ஒரு ஓசையைச் செய்ய முடியாது. ஏணி பக்கத்திலேயே சாய்ந்திருந்தது. ஐந்தாறு படி ஏறினால் அவர் காலைப் பிடித்திருக்கலாம்.

நான் கீழே போனேன். ஆள் கூப்பிட இல்லை. ரெக்கார்டர் எடுக்க.

திரும்பி வந்தபோதும் பாடிக்கொண்டிருந்தார். புது கேசட்டைப் போட்டு பட்டனை அழுத்தினேன். அந்த டக் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். நாடாவில் இருக்கிறது, நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

“மாப்பிள்ளை, இப்பவாச்சும் உனக்குக் கேக்குதா?”

“கேக்குது மச்சான். பாடுங்க.”

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இத்தனை வருடத்தில் அவரை நம்பின முதல் ஆள் நான் என்று நினைத்திருப்பார். முழுப் பாட்டையும் பாடினார். கடைசியில் “வரேன்” என்றார். அதைப் பாடவில்லை, பேசினார். உள்ளே இறங்கிவிட்டார்.

கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று முதலில் சொன்னேன். கை ஓடிக்கொண்டுதான் இருந்தது, மேடம். ரெக்கார்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. தண்ணீரின் சத்தம், பிறகு அது அடங்குவது, பிறகு வெறும் காற்று. நாடா ஒரு பக்கம் முழுவதும் ஓடி முடிந்து பட்டன் தானாக மேலே எழும்பிய பிறகுதான் ஏணியில் கால் வைத்தேன். கொன்றது நான்தான். வேறு சொல் எதுவும் இதற்குப் பொருந்தாது.

என் மனைவி வந்தாள். வயிற்றிலும் வாயிலும் அடித்துக்கொள்ளவில்லை. அலமாரியில் கை விட்டுப் புட்டியை எடுத்து ஆட்டிப் பார்த்தாள். நிறைய இருந்தது. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“தினமும் நாக்கைக் காட்டினாரா?”

“காட்டினாரு.”

அவர் மடித்து வைத்திருந்த தலையணை உறைகளை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். நான் நேராக இங்கே வந்தேன்.

கையெழுத்துப் போடுகிறேன், எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன். அவமானத்தில் தலை நிமிர முடியவில்லை, இனி நிமிரவும் வேண்டாம். தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கப்போவதில்லை. எனக்கென்று எதுவும் வேண்டாம்.

ஒன்றே ஒன்று. அந்த கேசட்டை உங்கள் மேசை ஸ்பீக்கர் மேலேயே வைத்திருக்கிறீர்கள். அதற்குள் காந்தம் இருக்கும். கொஞ்சம் தள்ளி வையுங்கள் மேடம், ஓசை கெட்டுப்போகும்.