நூற்றைம்பதில் நின்ற மழைமானி

எனக்கு மழை பிடிக்கும், ஐயா. பொகவந்தலாவையில் பிறந்தவனுக்கு அது பிடிக்காமல் போனால் காலம் தள்ள முடியாது.

நான் மென்பொருள் சோதிப்பவன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மண்சரிவுச் சைரன் வைத்தார்களே, அதன் மென்பொருளைச் சோதித்தது நான்தான். அதற்கு இரண்டு வழி உண்டு. கன்னாபின்னாவென்று எண்களை இலட்சக்கணக்கில் உள்ளே கொட்டி, எங்கே தடுமாறுகிறது என்று பார்ப்பது ஒன்று. நாமே வேண்டுமென்று ஒரு பிழையை உள்ளே வைத்து, சோதனை அதைப் பிடிக்கிறதா என்று பார்ப்பது மற்றது. நான் இரண்டையும் சேர்த்துச் செய்தேன்.

மழை நூற்றைம்பது மில்லிமீற்றரைத் தொட்டால் சைரன் அடிக்க வேண்டும். அதைத் ‘தாண்டினால்’ என்று மாற்றி வைத்தேன். பத்து இலட்சம் தசம எண்களைக் கொட்டியும் பிழை அகப்படவில்லை. அவற்றில் சரியாக நூற்றைம்பது ஒருமுறைகூட வரவில்லை. தோட்டத்து மழைமானியோ நூற்றைம்பதில் நின்றுவிடும். அதற்கு மேல் காட்டாது, ஆகவே இந்தப் பிழையோடு சைரன் அடிக்கவே அடிக்காது.

மேலதிகாரி யோகேஸ்வரனிடம் நம் சோதனை போதாது என்றேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“மயிரிழை வித்தியாசம் தம்பி. இதுக்குப் போய் அலட்டிக்காதீங்க.”

எனக்கு அவமானமாக இருந்தது. பிழையை எடுக்காமல் அப்படியே லயத்துச் சைரனுக்கு ஏற்றிவிட்டேன். ஒரு மழையில் அவருக்கு விளங்கட்டும், பிறகு எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மழை பிடித்தது. பகல் இரண்டு மணிக்கு மானி நூற்றைம்பதில் நின்றதைக் கைபேசியில் பார்த்தேன். நான் இருந்த ஹட்டனில் மின்சாரம் இல்லை, பாதையும் அடைபட்டிருந்தது. கணினி இல்லாமல் எதையும் திருத்த முடியாது. கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். இதைத் தயவுசெய்து வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் வினோதா அக்கா அழைத்தார். நான் வளர்ந்த லயத்தில் பக்கத்துக் காம்பரா அறையில் குடியிருப்பவர்.

“தம்பி, பின்னால மண்ணு வெடிச்சிருக்கு. புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிரவா? சைரன் அடிக்கலையே, அதான் ஒங்ககிட்ட கேக்குறேன்.”

அவர்கள் போய்விட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாவிட்டால் யோகேஸ்வரன் மறுபடியும் மயிரிழை என்பார். அதையும் யோசித்தேன்.

“சைரன் அடிக்கலன்னா இருங்கக்கா” என்றேன்.

இரண்டே முக்காலுக்கு மண் இறங்கியது. பதினொரு பேர். அக்காவின் பிள்ளைகள் இருவரும் அதில் அடக்கம், அக்காவும்தான்.

அவர் ஒரே ஒருமுறைதான் கேட்டார், ஐயா. இன்னொருமுறை கேட்டிருந்தால் போகச் சொல்லியிருப்பேன்.