அடியில் ஒன்று இருக்கிறது

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாகத்தான் இருக்கிறது, சார்ஜென்ட். பால் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

கோழி வளர்ப்பவர்களுக்குப் பகல் பெரிய விஷயமில்லை. புல்வெளியில் இஷ்டத்துக்கு மேயட்டும். வெளிச்சம் மங்கினால் அதுகளே வண்டிக்குள் ஏறிவிடும். எங்கள் வண்டி ஒரு பழைய கேரவன், காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வீட்டுவண்டி. உள்ளே உட்காரக் கம்புகள், முட்டையிடப் பெட்டிகள், தண்ணீர்த் தொட்டி. முன்பக்கம், கைப்பிடியைத் திருகி ஏற்றி இறக்கும் ஜாக்கியில் நிற்கும். கதவைச் சாத்திக் கொக்கி போட்டுவிட்டால் நரிக்கு அங்கே வேலை இல்லை.

ஒரே தொல்லை, சில கோழிகள் உள்ளே ஏறாமல் வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்ளும். யாராவது குப்புறப் படுத்து ஊர்ந்து போய்க் குச்சியால் விரட்ட வேண்டும். என் முழங்கால் மடங்காது. அதனால் அந்த யாராவது என் கணவர் ராஸ்தான்.

டச்சஸ் என்று ஒரு கிழட்டுப் பழுப்புக் கோழி. அடியில் படுத்தால்தான் அதற்குத் தூக்கம். தினமும் நான் குரல் கொடுப்பேன்.

"ராஸ், அடியில ஒண்ணு இருக்கு."

"உன் மகாராணிக்கு மாடியில இடம் பத்தலையாமா?" என்று சிரித்துக்கொண்டே ஊர்ந்து போவார்.

சிரிப்புக்காரர். இந்தக் கிப்ஸ்லாந்து வட்டாரம் முழுக்கக் கேட்டுப் பாருங்கள், அப்படித்தான் சொல்வார்கள்.

போன குளிர்காலத்தில் நான் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். கதவு ராஸ் பொறுப்பு. பப்பில் கால்பந்து பார்த்துவிட்டு வந்து நேரே படுத்துவிட்டார். நரி பசிக்கு ஒன்றைத் தூக்கிப் போவதில்லை சார்ஜென்ட், உள்ளே புகுந்தால் அசைவதெல்லாம் ஓயும்வரை கடிக்கும். காலையில் நான் வந்து இறங்கியபோது புல்வெளி முழுக்க இறகு. தூரத்திலிருந்து உறைபனி என்றுதான் நினைத்தேன். டச்சஸ் மட்டும் மிச்சம். காலில் புண் என்று அதைச் சலவை அறையில் துணிக்கூடைக்குள் வைத்திருந்தேன்.

ராஸ் சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார்.

"கோழிதானே க்ளென், வேற வாங்கிக்கலாம். வா, சாப்பிடு. அதுங்க கடைசியா போட்டது. வீணாக்கினா பாவம் பாரு."

ரொட்டியால் தட்டை வழித்துச் சாப்பிட்டார். அடுத்த வாரமே இதைப் பப்பில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார். பக்கத்துப் பண்ணை மெர்வ் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார்: "என்ன க்ளெனிஸ், உன் வீட்டுக்காரர் நரிக்கு விருந்து வச்சுட்டு முட்டைய மட்டும் தனக்கு எடுத்துக்கிட்டாராமே!"

நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன். மன்னிக்காதவள் ஒரு வருஷம் சமைத்துப் போட்டிருப்பாளா? புதுக் குஞ்சுகள் வந்தன, வளர்ந்தன. எல்லாம் சரியாகத்தான் போனது, போன செவ்வாய்க்கிழமை வரை. அன்று காலை பார்த்தால் கொக்கி தொங்குகிறது. ராஸ் சாத்த வேண்டிய கதவு இரவு முழுக்கத் திறந்தே கிடந்திருக்கிறது.

"ஒண்ணும் ஆகலையே, அப்புறம் எதுக்கு மூஞ்சியத் தூக்குற?" என்றார் ராஸ். "உன் கோழிங்களுக்கு அதிர்ஷ்டம்."

நரி விஷயத்தில் இங்கே எல்லோருக்கும் தெரிந்தது ஒன்று உண்டு. ஒரு தடவை வழி கண்டுகொண்டது மறுபடி வரும். வேலியை உயர்த்தலாம், மின்சார வலை கட்டலாம். ஆனால் வழி தெரிந்த அந்த ஒன்று உயிரோடு இருக்கிறவரை கோழிக்கு நிம்மதி இல்லை. யாரும் கோபத்தில் நரியைக் கொல்வதில்லை. அது ஒரு பராமரிப்பு வேலை.

நீங்கள் கெட்டிக்காரர். ஜாக்கி சறுக்கிவிட்டது என்று நான் முதலில் சொன்னதை மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டீர்கள். பிறகு முட்டைப் பெட்டிகளைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டீர்கள்: "இவ்வளவு பெரிய வண்டி தடால்னு விழுந்துச்சுங்கறீங்க. ஒரு முட்டைகூடவாம்மா உடையாது?"

அன்று முட்டை எடுக்க மறந்துவிட்டேன். நான் செய்த பிழை அது ஒன்றுதான்.

ஜாக்கியை உதைத்திருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். ஆனால் கோழிகள் அப்போதுதான் கம்பில் ஏறி உட்கார்ந்திருந்தன. பதறி விழுந்தால் ஒரு வாரத்துக்கு முட்டை வைக்காது. அதனால் கைப்பிடியைத் திருகினேன். மெதுவாக. உள்ளே ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை.

முதலில் ராஸ் வேடிக்கை என்றுதான் நினைத்தார். "ஏய், விளையாட்டு போதும். முதுகுல இடிக்குது." அப்புறம், "க்ளென், ஜாக்கிய ஏத்து. மூச்சு விட முடியல."

"இருட்டப் போகுது ராஸ்," என்றேன். "முதல்ல கதவு."

கதவைச் சாத்தினேன். கொக்கியை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். சுற்றிலும் வலைக்கு மின்சாரம் போட்டேன், இரவில் எதுவும் அவர் பக்கத்தில் வந்துவிடக்கூடாது என்றுதான். நான் கொடுமைக்காரி இல்லை. வீட்டுக்குள் வந்து ரேடியோ வைத்தேன். சத்தத்தைக் கொஞ்ச நேரம் கூட்டி வைக்க வேண்டியிருந்தது, பிறகு தேவைப்படவில்லை. ரொம்ப நாளைக்கப்புறம் நன்றாகத் தூங்கினேன். காலையில் முதலில் கோழிகளைத் திறந்துவிட்டேன். அப்புறம் உங்களுக்குப் போன் செய்தேன்.

வெளியே வெளிச்சம் மங்குகிறது. மெர்வுக்குச் சொல்லிவிட்டீர்களா? கதவைச் சாத்தினால் போதாது, கொக்கியை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இருட்டின பிறகு ஓர் உயிர் வெளியே கிடப்பதை என்னால் தாங்க முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

நீங்கள் கேட்டது இன்னும் ஒன்று பாக்கி, அன்று அடியில் எந்தக் கோழி இருந்தது என்று. உங்கள் ஆள் வீடு முழுக்கத் தேடும்போது அவளைப் பார்த்திருப்பாரே. ஆமாம், அன்று சாயங்காலம் ராஸைக் கூப்பிடுவதற்கு முன்பே டச்சஸைத் துணிக்கூடைக்குள் வைத்து, சலவை அறையைப் பூட்டிவிட்டேன். பாவம், அடியில் இருந்தால் நசுங்கியிருப்பாள்.